கப்பலடியைக் கண்டவள்

"கண்டுபிடித்தார்" என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் எனக்குக் கோபம் வரும். பாடப் புத்தகத்தில் பார்த்தாலும் வரும், பேப்பரில் பார்த்தாலும் வரும். இவர் அந்தத் தீவைக் கண்டுபிடித்தார், அவர் இந்தக் கடல்வழியைக் கண்டுபிடித்தார் என்று எழுதியிருக்கும். பக்கத்தில் தாடியும் தொப்பியுமாக ஒரு படம் இருக்கும். அந்த ஆளைப் போகச் சொன்னது யார், போய்ப் பார் என்று பிடித்துத் தள்ளியது யார் என்று என் மனசு உடனே கேட்க ஆரம்பித்துவிடும். என் பேரப்பிள்ளைகள் இதைக் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். அவர்கள் காரைக்கால்மேட்டில் என் அம்மாவோடு இருந்ததில்லை.

நான் சொல்லும் காலத்தில் எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இன்னும் இறங்கவில்லை. இறங்கப் போகிறது என்ற பேச்சு மட்டும் இருந்தது. அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு கட்டுமரம். தலையெடுத்த என் அண்ணன் அவரோடு கடலுக்குப் போவான். அம்மா மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு டவுனுக்கும் தருமபுரத்துக்கும் நடந்து விற்பாள். என்னை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது அவள்தான். கூடையோடு பள்ளிக்கூட வாசல்வரை வந்து விட்டுவிட்டுப் போவாள். மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பார்கள். அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தால் கையை இறக்கிவிடுவார்கள்.

எங்கள் கரையிலிருந்து கிழக்கே, நிலம் கண்ணுக்கு மறைகிற தூரத்தில், ஓர் இடத்துக்குக் கப்பலடி என்று பேர். எந்தக் காலத்திலோ ஒரு பிரெஞ்சுக் கப்பல் அங்கே முழுகிவிட்டது, அதில் வந்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் அடியிலேயே கிடக்கிறார்கள் என்று ஊரில் சொல்வார்கள். முழுகியதைப் பார்த்தவர் யாரும் இல்லை. பார்த்தவரைப் பார்த்தவரும் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் போன வலை கிழியாமல் திரும்பாது. "கப்பல் புடிச்சிடுச்சு" என்பார்கள். செத்தவன் கிடக்கிற இடத்தில் தொழில் செய்வது பாவம் என்று எல்லாரும் ஒதுங்கியே போவார்கள். அந்த வழியாகப் போக நேர்ந்தால் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீரில் ஒரு சுருட்டைப் போடுவார்கள். சாராயம் இருந்தால் நாலு சொட்டு விடுவார்கள். நம் சாமி என்றால் வெற்றிலை பாக்கு வைக்கலாம், வெள்ளைக்காரனுக்கு அது பிடிக்காதே என்று சுருட்டு. அவ்வளவு தூரம் யோசித்த ஆம்பிளைகள் அதற்கு மேல் ஒரு அடி யோசிக்கவில்லை.

அப்பாவின் வலையும் அங்கே பல முறை மாட்டியது. வேண்டுமென்று போவதில்லை, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். கிழிந்த வலையை மணலில் விரித்துப் போட்டு அவர் கப்பலைத் திட்டிக்கொண்டிருப்பார். அம்மா குந்தி உட்கார்ந்து, வலையில் சிக்கியிருப்பதைப் பிய்த்து எடுப்பாள். ஓட்டை ஓட்டையாக வெள்ளைக் கல் துணுக்குகள், சிவப்புப் பாசி, கல்லோடு ஒட்டிக்கொண்டு வந்த சின்னச் சின்னச் சிப்பிகள். மற்றவர்கள் வீட்டில் அதை அப்படியே எறிந்துவிடுவார்கள். அம்மா ஒவ்வொரு முறையும் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள்.

அரசலாற்று முகத்துவாரத்தில் பழைய இரும்புத் தூண் ஒன்று தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்தது. அதில் உரசிய வலையில் துருக்கறை ஏறிவிடும். எவ்வளவு அலசினாலும் போகாது. இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்த வலையையும் கப்பலடி வலையையும் சேர்த்து வைத்து யோசித்தவள் அம்மா ஒருத்திதான்.

"கப்பல்னா துரு வரணும்ல. இத்தனை வருஷமா ஒரு கட்டை வரல, ஒரு ஆணி வரல. கல்லும் பாசியும்தான் வருது. அங்க கப்பலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பார்தான் இருக்கு" என்றாள்.

பார் என்றால் கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டு. அதை அண்டிக் களவாவும் சங்கராவும் விளைமீனும் மேயும். அங்கே வலை ஆகாது, தூண்டில் போட வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பார் தெரியாமல் இல்லை. வடக்கே இருக்கும் இரண்டு மூன்று பார்களில் தொழில் செய்தவர்கள்தான். இந்த ஒரு இடத்தைக் கல்லறை என்று நினைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஒருமுறை நினைத்ததைத் திருப்பிக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

அப்பா சிரித்தார். "கடல்ல கால வச்சிருக்கியாடி நீ?"

"நான் வைக்கல. வலை போயிட்டு வருதுல்ல, அது சொல்லுது."

அந்த வருஷம் தை பிறந்தும் கரையோரம் மீன் படவில்லை. அம்மாவின் கூடை காலியாகவே கிடந்தது. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளக்கூடக் கருவாடு இல்லை. அம்மா தினமும் கப்பலடியைப் பற்றியே பேசினாள். அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார். கடைசியில் ஒரு நாள் காலையில், சரி போய்த் தொலைக்கிறேன் என்று தூண்டில் கயிற்றை எடுத்தார். அண்ணனும் கிளம்பினான். பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டிருந்த நானும் பையோடு கரைக்கு ஓடினேன்.

அன்று கரையில் நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதைக் கேட்ட யாருக்கும் பின்னால் இது ஞாபகம் வரவில்லை.

அப்பா கட்டுமரத்தைத் தள்ளுவதற்கு முன்னால் அங்கே நின்ற ஆம்பிளைகளைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "எல்லாரும் கேட்டுக்கங்க. நான் கப்பலடிக்குப் போறேன். இவ சொல்லித்தான் போறேன். எனக்கோ புள்ளைக்கோ எதுனா ஆச்சுன்னா இவளத்தான் கேக்கணும்."

"ஆமா, என்னத்தான் கேளுங்க. அந்த ஆவிங்க வந்து கேட்டாலும் என் பேரச் சொல்லுங்க" என்றாள் அம்மா. மடியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள். "மொதல்ல இதப் போடுங்க. அப்புறம் தூண்டிலப் போடுங்க."

ஊர்த் தலைவரும் அங்கேதான் நின்றார். "பொம்பள பேச்சக் கேட்டுக் கப்பலடிக்குப் போறான் பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டார். பழி வந்தால் யார் தலையில் விழ வேண்டும் என்பது அன்று ஊருக்கே தெளிவாகத் தெரிந்திருந்தது.

நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா என்னைத் திட்டவும் இல்லை. வெயில் ஏறி இறங்கும்வரை இரண்டு பேரும் மணலிலேயே உட்கார்ந்திருந்தோம். கட்டுமரம் கரையைத் தொட்டதும் அண்ணன் குதித்து ஓடி வந்தான். தூண்டில் கயிறு அறுத்து அவன் இரண்டு உள்ளங்கையிலும் ரத்தம் கசிந்தது. கையை அம்மாவிடம் காட்டிச் சிரித்தான். பின்னால் அப்பா ஒரு களவாவைக் குழந்தையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தார். கட்டுமரத்தில் இன்னும் அது போல எத்தனையோ கிடந்தன. அம்மா அழுதுவிட்டாள்.

மறுநாள் ஊரில் இருந்த கட்டுமரங்கள் எல்லாம் கப்பலடியில் நின்றன. ஒருவரும் சுருட்டுப் போடவில்லை. இத்தனை காலமாகக் களவா மீனுக்குச் சுருட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறோம் என்று ஊரே சிரித்தது. அம்மாதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள். அடுத்து வரப்போவது அவளுக்குத் தெரியாது.

புதுப் பார் அகப்பட்டால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்ப் பஞ்சாயத்து கோயில் வாசலில் கூடி, கண்டவர் பேரையே அந்தப் பாருக்கு வைக்கும். அதற்குப் பிறகு வருஷா வருஷம் அந்தப் பாரில் முதல் தூண்டில் போடும் அன்று, முதலில் படும் மீனைத் தாம்பாளத்தில் வைத்துக் கண்டவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எங்கள் ஜனத்துக்குப் பட்டம் பதவி எல்லாம் அந்த ஒரு மீன்தான். அதற்காக அண்ணன் தம்பிகள் வெட்டிக்கொண்டதும் உண்டு.

பஞ்சாயத்து கூடியது. பெண்கள் வழக்கம் போலக் கோயில் சுவர் ஓரமாக நின்றோம். அங்கே நிற்கலாம், பேசக் கூடாது. தலைவர் கேட்டார்: "கப்பலடிப் பாரக் கண்டது யாரு?"

அப்பா எழுந்து நின்றார். "நான்தான்" என்றார்.

ஒரு சொல். அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒன்றும் இல்லை. அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து தரையைக் கிளறிக்கொண்டிருந்தான். தலையில் அடித்துக்கொண்ட தலைவர், கரையில் நின்று கேட்ட மற்றவர்கள், எல்லாரும் தலையாட்டினார்கள். பாருக்கு அப்பாவின் பேரை வைத்தார்கள். அந்தப் பேரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அந்தப் பெருமை இன்னொரு முறை அவரிடமே போய்ச் சேரும்.

வீட்டுக்கு வந்ததும், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அம்மா கேட்டாள். அப்பாவுக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது. "போனது யாரு? நான்தானே. உன் பேர பாருக்கு வப்பாங்களா? கடல்ல பொம்பள பேரு எங்கயாச்சும் கேட்டிருக்கியா? என் பேர வச்சா என்னா, உன் பேர வச்சா என்னா? ஒரே வீடுதானே!"

ஒரே வீடுதானே. பக்கத்து வீட்டுப் பெண்களும் அதையே சொன்னார்கள். தலைவரின் பெண்ஜாதியும் அதையே சொன்னாள். எனக்கு அப்போதே அந்தப் பேச்சு எரிச்சலாக இருந்தது. ஒரே வீடுதான் என்றால், அம்மா பேரை வைத்துவிட்டு அப்பாவிடம் போய் இதைச் சொல்லியிருக்கலாமே? ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் முதல் மீன் வந்தது. நல்ல சங்கரா, தாம்பாளம் கொள்ளாமல் வால் வெளியே தொங்கியது. தலைவரே முன்னால் நடந்து வந்தார். அப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு வாங்கினார். "ஆக்குடி" என்று அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதைத் தண்ணீரில் அலசினாள், மற்ற மீன்களோடு கூடையில் போட்டாள், தலையில் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டாள். ஊர் கொடுத்த மரியாதை டவுனுக்கு விலைக்குப் போயிற்று.

டவுனில் அம்மா வாடிக்கையாக மீன் போடும் முஸ்லிம் வீடு ஒன்று இருந்தது. வீட்டு ஆம்பிளைகள் சைகோனில் வியாபாரம் செய்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொண்ட பெண்மணியை, அவர்கள் வழக்கப்படி அக்கா என்ற முறையில், ராத்தா என்று அம்மா கூப்பிடுவாள். அன்று நானும் கூடப் போயிருந்தேன். சங்கராவைப் பார்த்ததும் ராத்தா, "ஏது புள்ள இவ்வளவு பெரிசு?" என்று கேட்டார்கள்.

"நான் கண்ட பார்ல புடிச்சது ராத்தா."

ராத்தா சிரிக்கவில்லை. எப்படிக் கண்டாய் என்று கேட்டு, வலையில் இருந்து சுருட்டு வரைக்கும் முழுக்கக் கேட்டார்கள். "அல்லாவே! ஒண்ணுமே பாக்காம வீட்ல இருந்துக்கிட்டே கண்டிருக்கியே" என்றார்கள். அதற்குப் பிறகு கூடை வாசலில் இறங்கும்போதெல்லாம், "இன்னைக்கு ஒம் பார் மீன் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். இந்த உலகத்தில் அந்தப் பார் அம்மாவுடையதாக இருந்தது அந்த ஒரு வாசலில் மட்டும்தான்.

பிறகு கொடி மாறியது. கொடியோடு பள்ளிக்கூடப் புத்தகமும் மாறியது. பழைய புத்தகத்தில் கண்டுபிடித்தவர்கள் எல்லாரும் பிரெஞ்சுக்காரர்களாக இருந்தார்கள். புதுப் புத்தகத்தில் இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தவர் ஒரு போர்த்துகீசியர் என்று இருந்தது. அப்பாவும் வேறு சிலரும் வலையில் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த இடத்தில் உட்கார்ந்து நான் சத்தம் போட்டுப் படித்தேன்.

அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னாது, கண்டுபுடிச்சானா? அதுக்கு முன்னாடி நாமெல்லாம் தொலைஞ்சா கெடந்தோம்? நம்ம ஆளுங்க போகாத கடலா? எவனோ வழி காட்டியிருப்பான், இவன் பேர எழுதிக்கிட்டான். திருட்டுப் பயலுவ!" மற்றவர்களும் சேர்ந்து திட்டினார்கள்.

அப்பா சொன்னது சரி. ஆப்பிரிக்கக் கரையில் வழி தெரிந்த மாலுமி ஒருவன் அந்தக் கப்பலில் ஏறித்தான் அவர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தான் என்று பின்னாளில் படித்தேன். அவன் யார், எந்த ஊர் என்பதில் படித்தவர்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை. தொப்பிக்காரர் யார் என்பதில் ஒரு சண்டையும் இல்லை.

அம்மா அப்போது கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "அவன் கண்டா என்னா, நீங்க கண்டா என்னாங்க? ஒரே கடல்தானே."

மற்றவர்களுக்கு அது புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்தது. கையில் இருந்த வலை ஊசி அப்படியே நின்றது. "புள்ளய உள்ள போய்ப் படிக்கச் சொல்லு" என்றார்.

இரண்டொரு வருஷம் போயிருக்கும். சர்க்கார் மோட்டார் படகு ஒன்று கடலை அளக்க வந்தது. வழி காட்ட அப்பாவைக் கூப்பிட்டார்கள். அப்பா பெருமையோடு போய்த் தம் பாரைக் காட்டினார். படகு திரும்பிப் போன சில மாதத்தில், காரைக்கால் கடலில் புது மீன்பிடி இடம் ஒன்றைச் சர்க்கார் கண்டுபிடித்திருக்கிறது, அதற்கு ஒரு நம்பர் கொடுத்திருக்கிறது என்று செய்தி வந்தது. இனி வெளியூர்ப் படகுகளும் வந்து பிடிக்கலாமாம்.

அப்பா சாமி வந்தவர் மாதிரி ஆடினார். "நான் காட்டின எடம்! என் பேரு எங்க?" என்று தெருத் தெருவாகக் கத்தினார். ஊரும் கொதித்தது. பார் எங்களுடையது என்று மனுக் கொடுத்தார்கள். விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். கோயில் வாசலில் நாற்காலி போட்டார்கள்.

அதிகாரி மரியாதையான மனிதர்தான். எல்லாம் கேட்டுவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "நீங்க கண்டதா சொல்றீங்க. ஆனா அங்க கப்பல் கெடக்குதுன்னு ஊரே ஒதுங்கிப் போச்சுன்னும் சொல்றாங்க. நீங்க மட்டும் ஏன் அங்க போய்த் தூண்டில் போட்டீங்க?"

அப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அன்று போலவே தரையைப் பார்த்தான். அந்த ஏனுக்குப் பதில் அவரிடம் இல்லை. அது சுவர் ஓரமாக நின்றிருந்தது. தலைவரும் அங்கேதான் திரும்பினார். வேறு வழி இல்லாமல், "இந்தாம்மா, நீ வந்து சொல்லு" என்றார்.

அந்தப் பஞ்சாயத்தில் ஒரு பெண் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். கல்லைச் சொன்னாள், பாசியைச் சொன்னாள், ஆற்று முகத்துவாரத்துத் துருவைச் சொன்னாள். கரையில் அப்பா எல்லார் முன்னிலும் சொன்னதைச் சொன்னாள். "எதுனா ஆச்சுன்னா என்னக் கேக்கணும்னு சொல்லித்தான் இவரு போனாருங்க. இந்தா நிக்கிறாங்களே, இவங்க அத்தனை பேரும் கேட்டாங்க" என்றாள். இன்றைக்கு அம்மா பேர் ஏறிவிடும் என்று நினைத்தேன்.

அதிகாரி எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். இந்தப் பாரைக் கண்டவர் இன்னார் என்று அப்பா பேரைப் படித்தார். அதற்கு அவர் மனைவி சாட்சி என்று படித்தார்.

"சாட்சி இல்லீங்க ஐயா. நான்தான் கண்டது" என்றாள் அம்மா.

அதிகாரி குழம்பிப்போய்த் தலைவரைப் பார்த்தார். தலைவர் சிரித்துக்கொண்டே, "அதான் எழுதியாச்சேம்மா. ஒரே வீடுதானே. நீ சொன்னதாலதான் கேஸே நிக்குது, போ" என்றார். எல்லாருக்கும் நிம்மதியாகிவிட்டது. அவள் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் அப்பாவின் பேருக்கு முட்டுக்கொடுக்கப் போய்விட்டது.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா மெதுவாக, "பேரு எழுதினா என்னா, எழுதாட்டி என்னா" என்றார்.

"அப்ப போயி உங்க பேர அடிச்சிடச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

அந்த மனுவுக்குச் சர்க்கார் பதில் போட்டதாக எனக்கு நினைவில்லை. வெளியூர்ப் படகுகளும் வந்தன. ஆனால் ஊர் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. முதல் மீன் வந்துகொண்டிருந்தது. அம்மா அதை விற்றுக்கொண்டிருந்தாள்.

ஐம்பதுகள் முடிவதற்குள் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அண்ணனுக்கு அதற்கு முன்பே கல்யாணமாகி, அடுத்த தெருவில் தனியாகக் குடித்தனம் இருந்தான். நானும் அம்மாவும் பழைய வீட்டிலேயே இருந்தோம்.

அந்த வருஷம் பாரில் முதல் தூண்டில் போட்ட அன்று அம்மா கூடையைக் கழுவி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். தெருமுனையில் தாம்பாளம் தெரிந்தது. தலைவர் முன்னால் வந்தார். ஒரு பெரிய களவா. அவர்கள் எங்கள் வீட்டைப் பார்த்து வந்தார்கள். வாசலில் அம்மா இருப்பதைப் பார்த்ததும், புருஷனை இழந்தவள் எதிர்ப்பட்டால் சகுனம் ஆகாது என்பதால், மரியாதையாகத் தெருவின் மறுபக்கம் ஒதுங்கினார்கள். ஒதுங்கி, எங்கள் வீட்டைத் தாண்டி, அப்பாவுக்கு வாரிசான அண்ணன் வீடு இருக்கும் தெருவை நோக்கி நடந்தார்கள்.

அம்மா எழுந்து நின்றாள். "தலைவரே" என்று கூப்பிட்டாள். அவர்கள் நின்றார்கள்.

"ஒரே வீடுன்னு சொன்னீங்களே. எது அந்த வீடு?"

தலைவர் தாம்பாளத்தைப் பார்த்தார். தாம்பாளம் தூக்கியவர்கள் தலைவரைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து யாரோ, "வெயில் ஏறுது, மீனு கெட்டுப்போவும்" என்றார்கள். அதுவும் சரிதான் என்று எல்லாரும் நடந்தார்கள்.